‘ஒக்கடு’வும் ‘கில்லி’யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 பொங்கலுக்குத் தெலுங்கில் ‘ஒக்கடு’ வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தமிழில் ‘கில்லி’ வந்தது. இரண்டுக்கும் கதை ஒன்று, வில்லன் நடிகரும் ஒருவர். ‘கில்லி’யை இருபது தடவை பார்த்தவர்களிலும் பலர் ‘ஒக்கடு’வை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. எது எங்கிருந்து வந்தது, தமிழுக்கு வரும்போது என்ன மாறியது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். முடிவு வரை கதையைப் பேசியிருக்கிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

யார் எடுத்தார்கள், யார் நடித்தார்கள்?

‘ஒக்கடு’ 2003 ஜனவரி 15 அன்று வெளியானது. இயக்கம் குணசேகர், தயாரிப்பு எம்.எஸ். ராஜு, இசை மணிசர்மா. மகேஷ் பாபு, பூமிகா சாவ்லா, பிரகாஷ் ராஜ் முக்கிய வேடங்களில். நாயகனாக மகேஷ் பாபுவுக்கு இது ஏழாவது படம். ‘முராரி’ நன்றாக ஓடியபிறகு வந்த ‘டக்கரி தொங்கா’வும் ‘பாபி’யும் எதிர்பார்த்த அளவு போகவில்லை. தெலுங்கு முழுக்க அவரை மாஸ் நாயகனாக ஏற்றுக்கொண்டது ‘ஒக்கடு’வுக்கு அப்புறம்தான்.

‘கில்லி’ 2004 ஏப்ரல் 17 அன்று வந்தது. இயக்கம் தரணி, தயாரிப்பு ஏ.எம். ரத்னம், இசை வித்யாசாகர், வசனம் பரதன். விஜய், த்ரிஷா, பிரகாஷ் ராஜ், ஆஷிஷ் வித்யார்த்தி, தாமு நடித்தார்கள். தரணி அதற்கு முன் விக்ரமை வைத்து ‘தில்’, ‘தூள்’ என்று இரண்டு வெற்றிப் படங்கள் கொடுத்திருந்தார். ‘தூள்’ படத்துக்கும் ரத்னம்தான் தயாரிப்பாளர், வித்யாசாகர்தான் இசை. ஆக ‘கில்லி’ பழகிய கைகள் சேர்ந்து செய்த வேலை.

இன்னொரு தொடர்பும் உண்டு. ‘தூள்’ படத்தில் சொர்ணாக்காவாக வந்து மிரட்டிய தெலங்கானா சகுந்தலாதான் ‘ஒக்கடு’வில் வில்லனின் அம்மா. இரண்டு படங்களும் ஒரே பொங்கல் சீசனில் வந்தவை.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நகரத்துப் பையன் ஒருவன். அப்பா போலீஸ் அதிகாரி. பையனுக்கு உயிர் கபடி, அப்பாவுக்கோ அது பிடிக்காது. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு ஆட்டத்துக்காக வெளியூர் போகிறான். அங்கே நடுத்தெருவில் ஒரு ரவுடி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். சுற்றி நிற்கும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவன் போய் அடித்துவிடுகிறான், அடி வாங்கியவன் யார் என்று தெரியாமலே.

அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்ற வெறியில் அவளுடைய அண்ணன்களைக் கொன்றவன் அவன். அவன் குடும்பத்திலேயே உள்துறை அமைச்சர் இருக்கிறார். போலீஸுக்குப் போனாலும் பிரயோஜனம் இல்லை. அவளுடைய அப்பா அவள் கையில் பணத்தையும் நகையையும் சான்றிதழ்களையும் கொடுத்து, அமெரிக்காவில் இருக்கும் மாமாவிடம் போய்விடச் சொல்லித் தப்ப வைத்திருக்கிறார். பையன் அவளைத் தன் ஊருக்குக் கூட்டிவந்து, பாஸ்போர்ட் வாங்கி விமானம் ஏற்றும் வரை ஒளித்து வைக்கிறான். அதுவும் தன் வீட்டிலேயே, போலீஸ் அப்பாவின் கூரைக்குக் கீழேயே.

தெலுங்கில் இவர்கள் அஜய், ஸ்வப்னா, ஒபுல் ரெட்டி. தமிழில் வேலு, தனலட்சுமி, முத்துப்பாண்டி.

‘கில்லி’ அப்படியே காப்பிதானே?

முறையாக உரிமை வாங்கி எடுத்த ரீமேக். அதனால் காப்பி என்று திட்டுவது நியாயமில்லை. ஆனால் ‘ஒக்கடு’வின் பங்கைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. படத்தின் எலும்புக்கூடு முழுக்க குணசேகருடையது. எதிரியின் ஊருக்குள் போய் மாட்டுவது, இரவோடு இரவாகத் தப்புவது, போலீஸ்காரர் வீட்டிலேயே ஒளிப்பது, கடைசி ஆட்டம் நடக்கும்போது எல்லாமே மைதானத்தில் வந்து சேருவது என்று அடுக்கியது அவர். அந்த அடுக்கு இல்லாமல் ‘கில்லி’ இல்லை. தமிழில் நாம் இந்தப் படத்தைக் கொண்டாடும்போது அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

தரணியின் திறமை வேறு இடத்தில். மூலக்கதையில் ஒவ்வொரு ஊரும், ஒவ்வொரு கட்டடமும், ஒவ்வொரு உறவும் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதே வேலையைச் செய்யக்கூடிய தமிழ்நாட்டுச் சரக்கை அங்கே வைத்தார். பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போன எத்தனையோ ரீமேக்குகள் நம்மிடம் உண்டு. அவை டப்பிங் படம் போலவே வாடை அடிக்கும். ‘கில்லி’யில் அந்த வாடையே இல்லை. எப்படி என்று கீழே இடம் இடமாகப் பார்க்கலாம்.

கர்னூல் ஏன் மதுரை ஆனது?

நாயகன் ஆட்டத்துக்காகப் போகும் வெளியூர் ‘ஒக்கடு’வில் கர்னூல், ‘கில்லி’யில் மதுரை. முதலில் ‘ஒக்கடு’வுக்கு ஏன் கர்னூல் என்று பார்க்க வேண்டும். கர்னூல் இருக்கும் ஆந்திராவின் ராயலசீமைப் பகுதியில் ஃபேக்ஷன் என்று ஒன்று உண்டு. ஊர்ப் பெரிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆள் கட்டிக்கொண்டு வெட்டிக்கொள்ளும் பகை அது. நிலமும் உள்ளூர் அரசியலும் குத்தகையும் அதற்குள்ளேயே சுழலும். 1999-ல் வந்த ‘சமரசிம்ஹா ரெட்டி’யில் தொடங்கி ‘நரசிம்ஹ நாயுடு’, ‘இந்த்ரா’, ‘ஆதி’ என்று தெலுங்கு சினிமா அந்தப் பகையை வரிசையாகப் படமாக்கியது. அந்தப் படங்களில் பெரும்பாலும் நாயகனே ஒரு ஃபேக்ஷன் குடும்பத்தைச் சேர்ந்தவன். அருவாளும் டாடா சுமோவும் அவன் பக்கமும் இருக்கும்.

குணசேகர் இதைத் திருப்பிப் போட்டார். அவருடைய அஜய்க்கு எந்தக் குடும்பப் பகையும் கிடையாது. அவன் ஹைதராபாத்தில் கபடி ஆடித் திரியும் பையன். கர்னூல் கோட்டையின் கொத்தளமான கொண்டாரெட்டி புருஜு முன்னால் அவன் ஒபுல் ரெட்டியை அடிக்கும்போது, அந்த ஊரின் பயம் அவனுக்குத் தெரியாது என்பதுதான் காட்சியின் பலம். தெலுங்கு ரசிகர்களுக்கு அந்த புருஜைப் பார்த்ததுமே இது எந்த மண் என்று புரிந்துவிடும். ஒரு வசனமும் தேவையில்லை.

இதே கதையைத் தமிழில் எடுக்கும்போது ஃபேக்ஷனை அப்படியே கொண்டுவர முடியாது. நம்மிடம் அதே வடிவத்தில் அது இல்லை. ஆனால் மதுரை இருக்கிறது. தமிழ் சினிமா ரசிகனுக்கு மதுரை என்றாலே மீனாட்சியம்மன் கோபுரமும் வரும், வெள்ளைச் சட்டையும் அருவாளும் வரும். ஊரே ஒருவனுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் என்றால் நம்ப வைக்க அங்கே அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மதுரைக்காரர்களுக்கு இந்தச் சித்திரம் மேல் கோபம் உண்டு, அந்தக் கோபம் நியாயமானதும்கூட. நிஜ மதுரை அப்படி இல்லை. ஆனால் படத்துக்கு என்ன வேலை ஆக வேண்டுமோ அது ஆனது.

இன்னொரு லாபமும் கிடைத்தது. கர்னூலிலிருந்து ஹைதராபாத் சுமார் 210 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய தூரம். ‘அர்ஜுனரு வில்லு’ பாட்டோடு வரும் அந்த ஓட்டத்தில் பதற்றம் குறையாமல் இருப்பதற்கு இந்த நீளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சார்மினாருக்குப் பதிலாக ஏன் கலங்கரை விளக்கம்?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

‘ஒக்கடு’வில் அஜய்க்கும் நண்பர்களுக்கும் சார்மினார் வெறும் பின்னணி இல்லை. அவர்கள் வளர்ந்த இடம், கூடும் இடம், கடைசியில் ஸ்வப்னாவை ஒளித்து வைக்கும் இடம். 1591-ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய அந்த நினைவுச் சின்னத்தில் போய் இப்படியெல்லாம் படம் எடுக்க முடியாது. கீழே எந்நேரமும் கடைவீதிக் கூட்டம், மேலே தொல்லியல் துறைக் கட்டுப்பாடு. அதனால் ஹைதராபாத்துக்கு வெளியே சார்மினாரையும் அதைச் சுற்றியிருக்கும் பழைய நகரத் தெருக்களையும் பிரம்மாண்டமான செட்டாகப் போட்டார்கள். கலை இயக்குநர் அசோக்கின் வேலை அது. பார்க்கும்போது செட் என்று தோன்றாது. இரவுக் காட்சிகளில் வளைவுகளுக்குள் விளக்கு விழும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்.

தமிழில் அந்த இடத்துக்கு என்ன வைப்பது? சென்னையில் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டை இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது, சென்ட்ரல் இருக்கிறது. ஆனால் அவை எல்லாம் அதிகாரத்தின் கட்டடங்கள். அங்கே நாலு பசங்க உட்கார்ந்து அரட்டை அடிக்க முடியாது. உயரமாக இருக்க வேண்டும், ஊர் முழுக்கத் தெரிய வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருந்தும் மேலே யாரும் போகாத இடமாக இருக்க வேண்டும். மெரினா கலங்கரை விளக்கம் இத்தனைக்கும் பொருந்துகிறது. 1977-ல் திறந்த இந்தக் கட்டடம் பாதுகாப்புக் காரணங்களுக்காக நீண்ட காலம் பொதுமக்களுக்கு மூடியே கிடந்தது. 2013-ல்தான் மறுபடி திறந்தார்கள். ‘கில்லி’ வந்தபோது கடற்கரைக்குப் போகும் எல்லோரும் அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்தான். அதன் உச்சியில் ஒரு பெண்ணை ஒளித்து வைக்கிறான் என்றதும் சென்னைக்காரனுக்கு உடனே ஒரு ஆசை பிறக்கிறது: அங்கிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும்? படம் அதைக் காட்டுகிறது. ஒரு பக்கம் இருட்டான கடல், மறுபக்கம் விளக்குகள், தலைக்கு மேல் சுற்றும் ஒளி.

சார்மினாரில் நான்கு நூற்றாண்டு வரலாறு தருகிற கனம் இதில் இல்லை. அந்த விஷயத்தில் ‘ஒக்கடு’ ஒரு படி மேல்தான். ஆனால் தேடுகிறவர்கள் கீழே ஊரைச் சல்லடை போட்டுக்கொண்டிருக்க, ஒளிந்திருப்பவர்கள் ஊருக்கே வெளிச்சம் காட்டும் விளக்கின் அடியில் இருக்கிறார்கள் என்ற ஏற்பாடு தமிழ்ப் படத்துக்கு மட்டும் கிடைத்தது.

நாயகன் ஏன் கபடி ஆடுகிறான்? கிரிக்கெட் என்றால் என்ன குறைந்துவிடும்?

நிறையக் குறையும். கபடியில் ஒருவன் தனியாக நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் எல்லைக்குள் போகிறான். அங்கே ஏழு பேர் அவனைப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் தன் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது கதையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். வேலு மதுரைக்குள் போகிறான், முத்துப்பாண்டியைத் தொடுகிறான், சென்னைக்குத் திரும்ப ஓடுகிறான். முதல் பாதி முழுக்க ஒரு பாட்டம் கபடி. ‘ஒக்கடு’ என்றால் ஒருவன் என்று பொருள். தனி ஆளாக எதிரி எல்லைக்குள் போகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தெலுங்கில் செடுகுடு, தமிழில் சடுகுடு. இரண்டு மண்ணுக்கும் சொந்த ஆட்டம். மொழி மாற்றும்போது கை வைக்கத் தேவையே இல்லாத ஒரே அம்சம் இதுதான்.

ஒபுல் ரெட்டியா, முத்துப்பாண்டியா? யார் பெரிய வில்லன்?

இரண்டிலும் பிரகாஷ் ராஜ். பெங்களூருக்காரர், 1994-ல் ‘டூயட்’ மூலம் கே. பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஒரே பாத்திரத்தை இரண்டு மொழியில் செய்யும் நடிகர்கள் பொதுவாக முதலில் செய்ததையே திருப்பிச் செய்வார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை.

ஒபுல் ரெட்டியிடம் மண்ணின் முரட்டுத்தனம் அதிகம். அவன் பேசும் ராயலசீமைப் பேச்சு, மீசை, நடை எல்லாம் சேர்ந்து அவனை ஒரு ஃபேக்ஷன் தலைவனாகவே காட்டும். காதல் அவனுக்குக் கௌரவப் பிரச்சினை. முத்துப்பாண்டியோ குழந்தை மாதிரி அடம் பிடிப்பவன். ‘செல்லம்’ என்று அவன் கூப்பிடும்போது குரல் குழைகிறது, அடுத்த நொடி அதே குரலில் ஒருவனை வெட்டச் சொல்கிறான். கொஞ்சலும் கொலையும் ஒரே வாயில் வருவதால் அவன் மேல் பயம் இன்னும் கூடுகிறது.

வேலு அவன் கழுத்தில் கத்தியை வைத்து நிற்கும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். சுற்றிலும் முத்துப்பாண்டியின் ஆட்கள். கத்தி வேலுவின் கையில் இருந்தாலும் கூட்டம் முழுக்க எதிராளியின் பக்கம். அங்கே பிரகாஷ் ராஜின் முகத்தில் உயிர்ப் பயம் தெரியாது. யாரோ ஒரு பையன் தன் ஊரில், தன் ஆட்கள் முன்னால் இப்படிச் செய்கிறானே என்ற அவமானமும் திகைப்பும்தான் தெரியும். மிச்சப் படம் முழுவதும் அவனைத் துரத்த வைப்பது அந்த அவமானம். ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாலேயே அதைச் சொல்லிவிடுகிறார்.

என் ஓட்டு முத்துப்பாண்டிக்கு.

முத்துப்பாண்டியின் காதல்தான் உண்மையானது என்று இப்போது பலர் சொல்கிறார்களே?

மீம்களில் ஆரம்பித்த பேச்சு இது. சிரித்துவிட்டுப் போனால் சரி. சிலர் உண்மையாகவே நம்பிப் பேசுகிறார்கள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் தனலட்சுமியின் இரண்டு அண்ணன்களைக் கொன்றவன். அவள் ‘வேண்டாம்’ என்பதை ஒரு முறைகூடக் காதில் வாங்காதவன். படம் அவனை எங்கேயும் நியாயப்படுத்தவில்லை. நமக்கு அவனைப் பிடிக்கிறது என்றால் அது பிரகாஷ் ராஜைப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த நடிப்பின் வசீகரத்தைப் பாத்திரத்தின் நல்ல குணமாக எடுத்துக்கொண்டால், படம் எதை எதிர்த்து எடுக்கப்பட்டதோ அதன் பக்கமே போய் நின்றுவிடுவோம்.

வேலுவைக் கவனியுங்கள். அவளை ஒளித்து வைத்திருக்கும் நாட்களில் அவன் எதையும் கேட்பதில்லை, காதல் என்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளைப் பத்திரமாக விமானம் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் வேலை.

அப்படியானால் இது காதல் படமா, சண்டைப் படமா?

சண்டைப் படம் போல ஓடும் காதல் படம். வழக்கமான தமிழ், தெலுங்குப் படத்தில் முதல் அரை மணி நேரத்தில் காதல் வந்துவிடும், அப்புறம் அதைக் காப்பாற்றச் சண்டை. இங்கே சண்டைதான் முதலில் வருகிறது. இருவருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிவதற்கு முன்பே உயிர் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகிறது. காதல் கடைசியில்தான் வந்து சேருகிறது. அதுவும் பிரியப் போகிறோம் என்று தெரிந்த பிறகு.

‘ஒக்கடு’ இந்த இடத்தில் நிதானமாக நடக்கிறது. மகேஷ் பாபுவும் பூமிகாவும் பேசாமல் இருக்கும் தருணங்களுக்கு குணசேகர் இடம் விட்டிருக்கிறார். ‘செப்பவே சிருகாலி’ பாட்டில் சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரியின் வரிகளும் மணிசர்மாவின் மெட்டும் அந்த மெல்லிய மனநிலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. ‘கில்லி’ வேகப் படம். காதலை நின்று பேச அதற்கு நேரமில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் மனசு உடைந்து தோற்றுக்கொண்டிருக்கும் வேலு, விமானத்தில் போயிருக்க வேண்டியவளைக் கூட்டத்தின் நடுவே பார்க்கிறானே, அந்த ஒரு காட்சியில் மிச்சம் வைத்ததை எல்லாம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. அங்கே தியேட்டரில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பூமிகா, த்ரிஷா?

இருவருமே நன்றாகச் செய்தார்கள். ஸ்வப்னாவிடம் பயமும் ஒடுக்கமும் அதிகம், தனலட்சுமியிடம் கொஞ்சம் துடுக்கு சேர்ந்திருக்கிறது.

சுவாரசியமான தகவல் ஒன்று: பூமிகா தமிழில் அறிமுகமானதே 2001-ல் விஜய்யோடு ‘பத்ரி’யில். அதே ஆண்டு விஜய்யின் ‘குஷி’யைத் தெலுங்கில் எடுத்தபோது அதிலும் அவர்தான் நாயகி. த்ரிஷாவின் கதை எதிர்ப்புறமாக ஓடியது. 2004 பொங்கலுக்கு அவருக்குத் தெலுங்கில் பெரிய வெற்றி கொடுத்த ‘வர்ஷம்’ படத்தைத் தயாரித்தவர் எம்.எஸ். ராஜு, ‘ஒக்கடு’வின் அதே தயாரிப்பாளர். மூன்று மாதத்தில் தமிழில் ‘கில்லி’. ஒரே ஆண்டில் இரண்டு மொழியிலும் முன்னணிக்கு வந்துவிட்டார்.

பாட்டுகள் ஒரே மெட்டா?

இல்லை. மணிசர்மாவின் மெட்டுகளை எடுத்துக்கொள்ளாமல் வித்யாசாகர் புதிதாகவே போட்டார். ‘அப்படிப் போடு’ பற்றி நான் என்ன சொல்ல? பா. விஜய் எழுதி, கேகேயும் அனுராதா ஸ்ரீராமும் பாடியது. இருபது வருடம் கழித்தும் கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் அது ஒலிக்காமல் இருப்பதில்லை. கேகே 2022-ல் இறந்தபோது தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பாட்டுதான்.

வித்யாசாகரும் ஆந்திராவைச் சேர்ந்தவர்தான். தெலுங்குப் படமான ‘ஸ்வராபிஷேகம்’ இசைக்காக அவர் தேசிய விருது பெற்றதும் 2004-ஆம் ஆண்டுக்குத்தான். ஒரு பக்கம் கர்நாடக இசைப் படம், இன்னொரு பக்கம் ‘அப்படிப் போடு’!

தமிழில் புதிதாகச் சேர்த்தது எது?

சிரிப்பு. ‘ஒக்கடு’விலும் நகைச்சுவை உண்டு, ஆனால் ‘கில்லி’ வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கலகலப்பாகிவிடுகிறது. ஆஷிஷ் வித்யார்த்தியின் கண்டிப்பான அப்பா, ஜானகி சபேஷின் அப்பாவி அம்மா, எந்நேரமும் அண்ணனை மாட்டிவிடக் காத்திருக்கும் தங்கையாக ஜெனிஃபர். அண்ணன் தங்கை சண்டை அவ்வளவு இயல்பாகத் தமிழ் சினிமாவில் வந்தது குறைவு. பாசமலர் வசனம் எதுவும் இல்லாமலே இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர் என்பது தெரிந்துவிடும். நண்பர் கூட்டத்தில் தாமுவின் ஓட்டேரி நரி. வடசென்னைப் பேட்டையின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு திரியும் அப்படி ஒரு ஆளை ஹைதராபாத்திலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. பரதனின் வசனத்துக்கு இதில் பெரிய பங்கு.

இந்த வீட்டுக் காட்சிகள் வெறும் ஓய்வு நேரம் அல்ல. மாடியறையில் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள், கீழே தேடும் போலீஸ் அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாம் சிரித்துக்கொண்டே பயப்படுகிறோம்.

வேறு மொழிகளில் எடுத்தார்களா?

கன்னடத்தில் 2006-ல் புனீத் ராஜ்குமார் நடித்து ‘அஜய்’. அங்கேயும் வில்லன் பிரகாஷ் ராஜ்தான். வங்காளத்தில் ஜீத் நடித்த ‘ஜோர்’. இந்தியில் 2015-ல் அர்ஜுன் கபூர், சோனாக்ஷி சின்ஹா, மனோஜ் பாஜ்பாய் நடிப்பில் ‘தேவர்’. மதுராவையும் ஆக்ராவையும் வைத்து அதே கணக்கைப் போட்டார்கள், மனோஜ் பாஜ்பாய் தன் பங்கைக் குறையில்லாமல் செய்தார். ஆனாலும் படம் ஓடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்த வகைப் படமே பழகிப் போயிருந்தது. அதோடு பாஸ்போர்ட்டுக்குக் காத்திருப்பதும், ஒளித்து வைப்பதும், கைபேசி எல்லோர் கையிலும் வந்துவிட்ட காலத்தில் முன்போலப் பதற்றம் தராது.

விஜய்யும் மகேஷ் பாபுவும் ஒரே கதையில் நடித்தது இது ஒன்றுதானா?

இன்னொன்றும் உண்டு. பூரி ஜெகந்நாத்தின் ‘போக்கிரி’ 2006-ல் மகேஷ் பாபுவுக்கு, 2007-ல் பிரபுதேவா இயக்கத்தில் விஜய்க்கு. தமிழ்ப் ‘போக்கிரி’க்கு இசை மணிசர்மா. அதற்கு முன்பே ‘பிரியமானவளே’, ‘பத்ரி’, ‘யூத்’, ‘வசீகரா’ என்று விஜய் தெலுங்கிலிருந்து நிறையக் கதைகளை எடுத்து நடித்திருக்கிறார். ஆனால் அவை வேறு நாயகர்களின் படங்கள்.

மறுவெளியீடு பற்றி?

‘ஒக்கடு’ 2023 ஜனவரியில் 4கே தரத்தில் மறுபடி திரைக்கு வந்தது. ‘கில்லி’ இருபது ஆண்டு நிறைவையொட்டி 2024 ஏப்ரல் 20 அன்று. விஜய் அரசியல் கட்சி தொடங்கியிருந்த நேரம் அது. புதுப்படம் போலக் கூட்டம் வந்தது. 2004-ல் பிறந்தே இருக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வசனத்தையும் திரைக்கு முன்னால் சொன்னார்கள். தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டிருந்தாலும் தியேட்டரில் பார்க்காத ஒரு தலைமுறை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலில் எதைப் பார்க்கலாம்?

தமிழ் பேசுகிறவர்கள் ‘கில்லி’யை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ‘ஒக்கடு’வை இப்போது பாருங்கள், தெலுங்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கதை தெரியும் என்பதால் துணைத்தலைப்பிலேயே கண்ணை வைத்திருக்கத் தேவையில்லை. சார்மினார் செட், கர்னூல் சண்டை, ஒபுல் ரெட்டியின் அம்மா இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஒன்றின் வேகம் மற்றதைக் கெடுக்கும்.

அந்தக் கூட்டணிகள் அப்புறம் என்ன செய்தன?

தரணி, விஜய், த்ரிஷா மூவரும் வித்யாசாகரோடு 2008-ல் ‘குருவி’யில் சேர்ந்தார்கள். ‘கில்லி’யின் பக்கத்தில்கூட அது வரவில்லை. விஜய்யும் த்ரிஷாவும் அதற்குப் பிறகு 2023-ல் ‘லியோ’வில்தான் ஜோடி சேர்ந்தார்கள்.

குணசேகரும் மகேஷ் பாபுவும் அடுத்து எடுத்த படம் ‘அர்ஜுன்’, 2004 ஆகஸ்டில், அதாவது ‘கில்லி’ வந்து நான்கு மாதத்தில் வெளியானது. அதன் கதை நடக்கும் இடம் மதுரை. கர்னூலைத் தமிழ்ப்படம் மதுரையாக மாற்றிய அதே ஆண்டில், மூலப்படத்தின் இயக்குநரே மீனாட்சியம்மன் கோயிலை ஹைதராபாத்தில் செட் போட்டுத் தெலுங்குப் படம் எடுத்திருந்தார். செட்டைப் போட்டவர் கலை இயக்குநர் தோட்டா தரணி. வில்லன் அதிலும் பிரகாஷ் ராஜ்தான்.